செக்கு எண்ணெய்க் கடையில் காசு எங்கே நிற்கிறது?

காங்கேயம், வெள்ளகோவில், பெருந்துறை, சிவகிரி பக்கம் மரச்செக்கு போட்டு எண்ணெய்க் கடை வைக்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது செக்கின் விலையைத்தான். அதைவிட முக்கியமாக விசாரிக்க வேண்டியவை இரண்டு. 100 கிலோ பருப்புக்கு எத்தனை கிலோ எண்ணெய் இறங்கும்? மிச்சமாகும் புண்ணாக்கை யார் வாங்குவார்கள்? இதற்கு விடை தெரியாமல் செக்கு இறக்கினால், ஊரே மெச்சும் எண்ணெய் ஆட்டியும் கையில் காசு நிற்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிலக்கடலைப் பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கிலோவுக்கு 12,000. ஆள்கூலி, கரண்ட், வாடகை எல்லாம் சேர்த்து 2,000. நல்ல பருப்பாக இருந்தால் 40 கிலோ எண்ணெய் வரும். லிட்டரில் சொன்னால் 44. எண்ணெய் தண்ணீரைவிட லேசு என்பதால் கிலோவும் லிட்டரும் ஒன்றாகாது. விலை போடும்போது இதை மறந்துவிடக் கூடாது. புண்ணாக்கு 56 கிலோ, கிலோ 45 என்றால் 2,520 ரூபாய். அதைக் கழித்தால் லிட்டர் அடக்கம் 261. பாட்டில், லேபிளுக்கு 12 சேர்த்தால் 273. 300க்கு விற்றால் 27 ரூபாய் நிற்கும்.

அதே பருப்பு கொஞ்சம் ஈரமாகவோ முற்றாமலோ இருந்து 37 கிலோதான் இறங்கியது என்றால், புண்ணாக்கு 2 கிலோ கூடுதலாக வந்தாலும், பாட்டில், லேபிள் சேர்த்து லிட்டர் அடக்கம் 292 ஆகிவிடும். நிற்பது 8 ரூபாய். வெறும் 3 கிலோ எண்ணெய் குறைந்ததற்கு இந்தக் கதி. அதனால்தான் இந்தத் தொழிலில் லாபம் பருப்பு வாங்கும் இடத்திலேயே முடிவாகிவிடுகிறது என்கிறேன்.

வாங்கும்போது மூட்டையின் வாயை மட்டும் பார்க்காதீர்கள். நடுவிலும் அடியிலும் கைவிட்டு அள்ளுங்கள். பருப்பைக் கடித்தால் பட்டென்று உடைய வேண்டும். பல்லில் அழுந்தினால் ஈரம் இருக்கிறது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தால் தோல் சுலபமாகக் கழல வேண்டும். சுருங்கியது, கறுத்தது, பச்சைப் பூசணம் பிடித்தது கண்ணில் பட்டால் விலை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சேரும். ரீபைண்டு ஆலையில் காரப்பொருள் (காஸ்டிக் சோடா) போட்டுச் சுத்திகரிக்கும்போது அது பெரும்பாலும் போய்விடும். செக்கில் அந்த வேலையே கிடையாது. போதாததற்கு நஞ்சின் பெரும்பங்கு புண்ணாக்கில் தங்கி, அதைத் தின்ற மாட்டின் பாலுக்கும் வந்துவிடும். ஆகவே பருப்பைப் பரப்பிப் பொறுக்க ஒரு ஆள் வைப்பது வீண் செலவு அல்ல. உங்களை நம்பி வாங்குகிற வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

ஆடிப்பட்டத்துக் கடலை வரத்து கூடும் நேரத்தில் விலை இறங்கும். அப்போது கொஞ்சம் வாங்கி வைப்பது நல்லது. வைப்பதைக் காயாகவே வையுங்கள். உடைத்த பருப்பு சீக்கிரம் காறிவிடும், புழுவும் விழும். 100 கிலோ காய்க்கு 65 முதல் 70 கிலோ பருப்பு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கொப்பரையில் கவனிக்க வேண்டியது கந்தகப் புகை. பூசணம் பிடிக்காமல் இருக்கப் புகை போட்ட கொப்பரை பளீரென்று வெளுத்திருக்கும். சமையல் எண்ணெய்க்கு அது ஆகாது. வெயிலில் காய்ந்தது சற்று மங்கலாக இருந்தாலும் அதைத்தான் எடுக்க வேண்டும்.

ஆட்டுவதில் கைப்பழக்கம் வேண்டும். பருப்பை அரை நாள் வெயிலில் போட்டு எடுத்தால் எண்ணெய் நன்றாகப் பிரியும். உரலில் பருப்பு மாவாகி உருளத் தொடங்கும்போது தண்ணீர் தெளிப்பது எண்ணெயும் புண்ணாக்கும் பிரிவதற்காக. குறைந்தால் மாவு பிடிக்காது. கூடினால் எண்ணெயில் ஈரம் தங்கி, வாணலியில் நுரை பொங்கும், சில வாரத்தில் சிக்கு வாடை அடிக்கும். வாடிக்கையாளர் ‘கலப்படம்’ என்று கொண்டுவந்து வைக்கும் பாட்டில்களில் பாதிக்குமேல் இந்த ஈரத்தின் வேலைதான்.

எள்ளுக்குத் தண்ணீரோடு கருப்பட்டியும் வேண்டும்; 10 கிலோ எள்ளுக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை. அதன் பிசுபிசுப்பில் எள்ளுமாவு இறுகி எண்ணெய் வெளியே வரும். கருப்பட்டி போட்ட எள்ளுப் புண்ணாக்கைச் சுடச்சுட உரலில் இருந்து எடுக்கும் நேரத்தில் கடையில் நிற்கிற யாரும் கை நீட்டாமல் இருக்க மாட்டார்கள். ‘ஏனுங்க, எனக்கொரு துண்டு’ என்று பெரியவர்களே கேட்பார்கள். இந்தத் தொழிலின் ஆகப் பெரிய சந்தோஷம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வந்தவர்கள் கண் முன்னால் ஆட்டி, கையில் கொடுத்து, அவர்கள் முகத்தைப் பார்க்கிற பாக்கியம் எத்தனை தொழிலில் உண்டு?

ஆட்டிய எண்ணெயை அன்றே பாட்டிலில் அடைக்கக் கூடாது. எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, வேட்டித் துணியால் வாய் கட்டி, இரண்டு மூன்று நாள் தெளிய விட வேண்டும். ஒரு நாள் வெயில் ஈரத்தைப் போக்கும். நாள்கணக்கில் வெயிலில் வைத்தால் எண்ணெய் காறும். மேலே தெளிந்ததை மட்டும் வடித்து எடுங்கள். அடியில் தங்கும் மண்டியில் கொஞ்சம் எண்ணெய் வீணாவதைப் பார்த்து மனசு கேட்காமல் கலக்கிவிட்டால் முழுப் பாத்திரமும் கெடும்.

விற்பனை மந்தமான மாதங்களில் கடையைத் தாங்குவது கூலிக்கு ஆட்டுவதுதான். விவசாயி தன் கடலையையோ கொப்பரையையோ கொண்டுவருவார். கூலி மட்டும் வாங்கிக்கொள்ளலாம், சரக்கில் முதல் போட வேண்டியதில்லை. அதில் வரும் சண்டை எல்லாம் எடையில்தான். ஆட்டும் முன் அவர் எதிரிலேயே எடை போடுங்கள், உரலைத் துடைத்துக் காட்டுங்கள், எண்ணெயையும் புண்ணாக்கையும் எடை போட்டுச் சீட்டு எழுதிக் கொடுங்கள். உலக்கை புதிதாக இருந்தால் மரம் எண்ணெய் குடிக்கும். முதல் சில ஆட்டுகள் உங்கள் சொந்தச் சரக்காக இருக்கட்டும்.

புண்ணாக்குக்கு மாடு வைத்திருப்பவர்களை நேராகப் பிடியுங்கள். செக்குப் புண்ணாக்கில் எண்ணெய்ப் பசை கூடுதலாக இருக்கும். பால்காரர்களுக்கு அதன் அருமை தெரியும். மொத்த வியாபாரி அந்த விலை தர மாட்டார். மழைக்காலத்தில் மட்டும் நான்கைந்து நாளுக்கு மேல் தேக்காதீர்கள், பூசணம் பிடிக்கும்.

சலிப்பு வரும் இடமும் உண்டு. ரீபைண்டு விலையைச் சொல்லி ‘நீங்க மட்டும் ஏன் இவ்வளவு?’ என்று தினமும் யாராவது கேட்பார்கள். மேலே உள்ள கணக்கை ஒரு அட்டையில் எழுதிக் கடையில் மாட்டுங்கள். வாதாடுவதைவிட அது பலன் தரும். கேன் கொண்டுவந்து ஊற்றச் சொல்பவர்களுக்கும் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கும்: சமையல் எண்ணெயை உதிரியாக விற்பதை 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறை தடுக்கிறது. அடைத்து, 14 இலக்க உரிம எண்ணும் ஆட்டிய தேதியும் போட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

மளிகைக்கடைக் கடன்தான் ஆளைச் சாய்ப்பது. நீங்கள் கடலைக்கு ரொக்கம் கொடுக்கிறீர்கள். அவர்கள் விற்ற பிறகும் ‘அடுத்த வாரம்’ என்பார்கள். ஒரு கடைக்கு 12 பாட்டிலுக்கு மேல் இறக்காமல், முந்தின பில்லுக்குக் காசு வந்த பிறகே அடுத்த பெட்டி என்று ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். அலமாரியில் மூன்று மாதம் தாண்டிய பாட்டிலை அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே எடுத்து வந்து விளக்கெரிக்கக் கொடுத்துவிடலாம். காறிய பாட்டில் ஒன்று போய்ச் சேர்ந்த வீட்டுக்கு அடுத்த முறை நம் எண்ணெய் போகாது.