புரொடக்‌ஷன் அனுமதி கிடைத்த கதை

பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பயிற்சியை முடித்து, இறுதித் தேர்விலும் தேறிய பிறகுதான், புரொடக்‌ஷன் சர்வரை, அதாவது வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் மென்பொருள் ஓடும் கணினியை, தொடும் அனுமதி அந்தத் தேர்வோடு சேர்ந்து வருவதில்லை என்று தெரிந்தது. அதற்கு எங்கள் டீம் லீட் தனியாக ஒரு நடைமுறை வைத்திருந்தார்.

முதலில் ஓர் ஆவணத்தைப் படிக்கச் சொன்னார். நைட் கேப்பிட்டல் என்ற பங்குத் தரகு நிறுவனத்தின் மீது அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2013இல் பிறப்பித்த உத்தரவு அது. எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரலை ஏற்றாமல் விட்டுவிட்டதால், பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த பழைய நிரல் 2012 ஆகஸ்ட் 1 அன்று அதில் இயங்கத் தொடங்கி, சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கு மேல் நட்டத்தை உண்டாக்கியது. அன்று சந்தை திறப்பதற்கு முன்பே, அந்தக் கோளாறைக் குறிப்பிடும் 97 மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குத் தானாகச் சென்றிருந்தன. யாரும் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. நட்டத் தொகையைவிட இந்த எண்தான் எனக்கு உறுத்தலாக இருந்தது.

அடுத்து வந்தது என் முதல் டிக்கெட், அதாவது எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை. வாடிக்கையாளர் டேபிளில் ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்ற வேண்டும். தரவுத்தளத்துக்கான எஸ்க்யூஎல் மொழியில் ஒரே வரிக் கட்டளை. அதைப் பார்த்த லீட், “புதிய நிரலை டெப்ளாய் செய்யும்போது பாதி சர்வர்களில் பழைய நிரல்தானே ஓடும்? அது எந்தப் பெயரைத் தேடும்?” என்று மட்டும் கேட்டார். எனவே வேலை பல கட்டங்களாகப் பிரிந்தது: புதிய நெடுவரிசையைச் சேர்ப்பது, இரண்டிலும் எழுதுவது, பழைய தரவைச் சிறு சிறு தொகுதிகளாக நகலெடுப்பது, அதன்பின் வாசிப்பைப் புதியதற்கு மாற்றுவது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ரோல்பேக் வழியை, அதாவது மாற்றத்தைத் திரும்பப் பெறும் வழியை, எழுதித் தந்தால்தான் ஒப்புதல் கிடைத்தது. கல்லூரி புராஜெக்ட் வைவாவில் அவுட்புட்டைக் காட்டச் சொன்னார்களே தவிர, செய்த மாற்றத்தைத் திரும்பப் பெறுவது எப்படி என்று ஒருவரும் கேட்டதில்லை. பாடத்திட்டத்தின் பெரிய ஓட்டை அதுவென்றே நினைக்கிறேன்.

கடைசிக் கட்டம் ஆன்கால், அதாவது கோளாறு எந்நேரம் வந்தாலும் கவனிக்கும் பொறுப்பு. முதலில் சீனியர் ஒருவர் அலர்ட்டுகளைக் கையாள்வதை உடனிருந்து பார்த்தேன். பிறகு நான் கையாள அவர் பார்த்தார். எதைச் சரிசெய்தேன் என்பதை விட, எந்த நேரத்தில் அவரை எழுப்ப முடிவெடுத்தேன் என்பதையே அவர் குறித்துக்கொண்டார். ஒருமுறை, காரணம் புரியாத ஓர் அலர்ட்டில் சர்வரை ரீஸ்டார்ட் செய்யாமல் உடனே அவரை அழைத்தேன். அந்த வாரமே எனக்கு அனுமதி கிடைத்தது. பழைய நெடுவரிசையை நீக்கும் பணி மட்டும், அதை எந்த நிரலும் வாசிக்கவில்லை என்று லாக்கில் (சர்வரின் இயக்கப் பதிவில்) உறுதியாகும் வரை காத்திருந்தது.