நெல் சுணை, போர் தண்ணி, பாலிஷ் பேட்

தை பிறந்து அறுவடை மிஷின் வயலில் இறங்கிவிட்டால் டெல்டாவில் கார் பெயிண்டுக்குக் கெட்ட காலம். பாதி ரோட்டில் நெல் காயும், மீதிப் பாதியில் வண்டி போகும். மன்னார்குடியிலிருந்து திருவாரூர் போய்த் திரும்புவதற்குள் பானட் மேல் சுணை, அதாவது நெல்லிலிருந்து பறக்கும் அரிப்புத் தூசி, ஒரு படலமாக உட்கார்ந்திருக்கும். களத்தில் நெல் தூற்றியவர்களுக்குச் சுணை என்றால் என்னவென்று சொல்லவே வேண்டாம், அவர்கள் கழுத்துக்கே தெரியும். உமியில் சிலிக்கா அதிகம். உமியைச் சுட்டால் மிஞ்சுகிற சாம்பல் பெரும்பாலும் அதுதான். அந்தத் தூசியோடு காய்ந்த துணியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும். ஸ்டீல் நாரால் தேய்த்த எவர்சில்வர் தட்டில் வெயில் படும்போது தெரியுமே, அதே வட்டக் கீறல்கள் பானட் முழுக்க வந்துவிடும். தொழிலில் ஸ்விர்ல் என்று சொல்வது இதைத்தான்.

இதை எடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, “அண்ணே, எந்த காம்பவுண்ட் வாங்கலாம்?” என்றுதான். காம்பவுண்ட் என்பது பெயிண்டைச் சீவும் பசை மாதிரியான பாலிஷ். அதைத் தேய்க்க மெஷின் முகப்பில் ஒட்டும் பேட் பற்றி யாரும் கேட்பதில்லை. ஒரே காம்பவுண்டைக் கம்பளி இழையாலான வுல் பேடில் போட்டால் வெட்டும். ஸ்பாஞ்ச் மாதிரி மென்மையான ஃபோமில் போட்டால் லேசாகத் தடவிவிட்டுப் போகும். பாலிஷ் மெஷினில் ஒரு படி இறங்கி வாங்கி, மிச்சப் பணத்தில் கூடுதலாக நாலு பேட் வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி.

ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும். கம்பெனி பெயிண்டில் மேலே இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றே ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும். கரெக்‌ஷன் என்பது இந்த மெல்லிய தோலைச் சீவிக் கீறலின் அடிமட்டத்துக்குக் கொண்டுவருவது. சீவியது திரும்ப வளராது. அதனால் எப்போதும் குறைவாக வெட்டும் பேடில் ஆரம்பித்து, போதவில்லை என்றால் மட்டும் அடுத்ததற்குப் போக வேண்டும். பானட்டில் 45 செ.மீ. சதுரம் ஒன்றை மாஸ்கிங் டேப் ஒட்டிப் பிரித்து அதில் மட்டும் சோதித்துப் பாருங்கள். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி மறைக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் நீர்த்துத் துடைத்துவிட்டு டார்ச் அடித்தால்தான் உண்மை தெரியும்.

பேட் வகை மூன்று: வுல், மைக்ரோஃபைபர், ஃபோம். வுல் நன்றாக வெட்டும், இழைகளுக்கு நடுவே காற்று ஓடுவதால் சூடும் குறைவு. ஆனால் ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி மெஷினில் போட்டால் பெரும்பாலும் வெயிலில் மினுங்கும் ஹோலோகிராம் கோடுகளை விட்டுவிட்டுத்தான் போகும், அதற்குப் பின் ஃபோமில் இன்னொரு சுற்று கட்டாயம். மைக்ரோஃபைபர், சுற்றியபடியே ஆடும் டி.ஏ. (டூயல் ஆக்‌ஷன்) மெஷினுக்குப் பொருத்தம்; வேகமாக வெட்டும், அதே வேகத்தில் அடைத்துக்கொள்ளும், கறுப்பு வண்டியில் மூட்டமாக ஒரு மங்கல் விடும். ஃபோமில் கடினம், நடுத்தரம், மென்மை என்று படிகள் உண்டு. தனி ஆளாகத் தன் வண்டியைச் செய்பவருக்கு நடுத்தர ஃபோமே முக்கால்வாசி வேலையை முடித்துவிடும்.

நிறத்தைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். ரூப்பெஸ் கம்பெனி வரிசையில் நீலம் முரடு, பச்சை நடுத்தரம், மஞ்சள் மென்மை, வெள்ளை மிக மென்மை. லேக் கன்ட்ரி கம்பெனியில் மஞ்சள்தான் வெட்டும் பேட். ஒன்றைப் பழகிய கை இன்னொன்றின் மஞ்சளை எடுத்து, பாலிஷ் முடிக்கிறேன் என்று கறுப்பு பானட்டில் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பெயரில்லாமல் செட்டாக வரும் மலிவு பேட்களில் நிறத்துக்கும் கடினத்துக்கும் சம்பந்தமே இருக்காது. விரலால் அமுக்கிப் பார்த்து, அதன் பின்பக்கம் மார்க்கரால் நீங்களே எழுதி வையுங்கள்.

அளவில் ஒரே விதி: பேட், அதை மெஷினில் ஒட்டும் பேக்கிங் பிளேட்டைவிட எல்லாப் பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். 5 இன்ச் பிளேட்டுக்கு ஐந்தரை அல்லது 6 இன்ச் பேட். சமமாக இருந்தால் ஒரு சாய்வில் பிளேட்டின் ஓரம் பெயிண்டைத் தொடும், அங்கே பாலிஷால் சரிசெய்ய முடியாத வெட்டு விழும். பக்கக் கண்ணாடியின் கவசம், கதவுத் தூண், பம்பர் வளைவுக்கு 3 இன்ச் செட் ஒன்று வேண்டும். டி.ஏ. மெஷினில் தடிமனான ஃபோம் ஆட்டத்தைத் தானே விழுங்கிவிடும். 1 இன்ச் தடிமனுள்ள மெல்லிய பேட் ஒழுங்காகச் சுற்றும். சுற்றுகிறதா என்று பார்க்க பிளேட்டின் விளிம்பில் ஒரு கோடு போட்டு வைப்பது நல்ல பழக்கம். கோடு நின்றுவிட்டால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம்.

டிங்கரிங் பட்டறையில் கிடக்கும் 4 இன்ச் கிரைண்டரில் வெல்க்ரோ பிளேட்டை மாட்டி ஃபோம் ஒட்டுவது இங்கே சகஜம். அது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் கருவி. வுல் பேடுக்கே 1,000 முதல் 1,500 போதும். கிரைண்டர் வேகத்தில் ஃபோம் முதலில் உருகும், அடுத்தது பெயிண்ட்.

வேலைக்கு வருவோம். புது பேடில் நேரடியாக நாலு சொட்டு விட்டுத் தொடங்கினால் பாதி முகம் காய்ந்தபடி ஓடும். முதல் தடவை மட்டும் பாலிஷை விரலால் முகம் முழுக்க மெல்லியதாகத் தடவி ஊற விடுங்கள். அதன் பிறகு பட்டாணி அளவில் மூன்று நான்கு சொட்டு ஒரு பகுதிக்குப் போதும். ஒரு பகுதி என்பது 50 செ.மீ. சதுரம், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. டி.ஏ. மெஷினின் வேகம் 1-இல் பரப்பி, 4 அல்லது 5-இல் நொடிக்கு ஓர் இன்ச் நகர்த்தி, ஒவ்வொரு வரிசையும் முந்தியதைப் பாதி மூடும்படி, குறுக்கும் நெடுக்குமாக நாலு தடவை. புறங்கையைப் பெயிண்டில் வைத்து ஐந்து நொடி பொறுக்க முடியவில்லை என்றால் வேறு பகுதிக்குப் போய்விட்டு அப்புறம் வாருங்கள். பிளாஸ்டிக் பம்பர் சூட்டைக் கடத்தாது, அங்கே இன்னும் சீக்கிரம் நிறுத்த வேண்டும். சித்திரை வெயிலில் நின்ற வண்டியைத் தொடவே வேண்டாம். காலை ஆறு மணிக்கு ஷெட்டில் ஆரம்பியுங்கள்.

ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பேடைச் சுத்தம் செய்யாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். பெரும்பாலான வேலை கெடுவது இந்த இடத்தில்தான். சீவிய பெயிண்டும் காய்ந்த பாலிஷும் ஃபோமின் துளைகளை அடைத்துப் பேட் ஒரு தகடு மாதிரி ஆகிவிடும். வெட்டு குறையும், உடனே கை தானாக அழுத்தும், சூடு ஏறும், மாவு பறக்கும். “காம்பவுண்ட் சரியில்லை” என்ற புகார் பிறப்பது இப்படித்தான். ஃபோமுக்கு நைலான் பிரஷ். மெதுவாகச் சுற்றும்போது ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒரு தடவை. மைக்ரோஃபைபருக்கும் வுல்லுக்கும் கம்ப்ரஸர் காற்று. ஒன்றிரண்டு பேனலுக்கு ஒரு பேட் என்று மாற்றினால், சின்ன வண்டிக்கே வெட்டும் சுற்றுக்கு ஐந்தாறு, முடிக்கும் சுற்றுக்கு மூன்று தேவைப்படும்.

பேட் முகத்தில் வண்டியின் நிறம் ஏறினால் மெஷினை நிறுத்துங்கள். கிளியர் கோட் போட்ட பெயிண்டில் எந்த நிறம் என்றாலும் பேடில் வருவது வெளிறிய அழுக்குதான். சிவப்பு வண்டியில் பேட் சிவந்தால் கிளியர் போய்விட்டது என்று பொருள். விதிவிலக்கு ஒன்று: கிளியர் இல்லாத பழைய பெயிண்டிலும், பட்டறையில் கிளியர் அடிக்காமல் மறுபெயிண்ட் செய்த பேனலிலும் நிறம் வருவது இயல்பு. எது என்று முதலிலேயே தெரிந்துகொள்ள, வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் வைத்து மறைவான இடத்தில் கையால் தேய்த்துப் பாருங்கள்.

கீழே விழுந்த பேடைத் தட்டிவிட்டு மறுபடி மாட்டுகிறவர்களைப் பார்க்கிறோம். ஷெட் தரையில் ஒரு உமித் துணுக்கு, ஒரு மணல் துகள் போதும். பானட் முழுக்கப் புதுக் கோடு போட்டுவிடும். பக்கத்தில் அரிசி ஆலை இருந்தால் கரியும் வந்து இறங்கும். பெடஸ்டல் ஃபேனை அணைத்துவிடுங்கள், வியர்த்தால் வியர்க்கட்டும்.

கழுவுவதை மறுநாளுக்கு வைக்காதீர்கள். காய்ந்த பாலிஷ் ஃபோமுக்குள் சிமெண்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், ஒரு பங்கு ஏ.பி.சி.க்கு (ஆல் பர்ப்பஸ் கிளீனர்) பத்து பங்கு தண்ணீர், பத்து நிமிடம். பாத்திரம் கழுவும் லிக்விட்கூடப் பரவாயில்லை. சோப்புத் தூள் வேண்டாம், கரையாத துகள் உள்ளே தங்கும். கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி அழுக்கை வெளியேற்றுங்கள். துணி பிழிவது போல முறுக்கினால் வெல்க்ரோ ஒட்டிய பசை விடும். ராத்திரி முழுக்க ஊற வைத்தாலும் இதே கதிதான். மைக்ரோஃபைபர் பேடுக்கு கம்ஃபர்ட் மாதிரியான சாஃப்ட்னர் கூடாது.

அடுத்த சிக்கல் தண்ணி. கடலோரம் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணி பல இடங்களில் உப்பு. உள்ளேயும் கடின நீர் உண்டு. அதில் அலசிக் காய வைத்தால் பேட் மொரமொரவென்று வெளுத்து நிற்கும். அந்த உப்பு அடுத்த தடவை பெயிண்டில் உரசும். கழுவுவது போரில் இருக்கட்டும், கடைசி அலசல் மட்டும் ஆர்.ஓ. தண்ணீரிலோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரிலோ. ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர் வீணாகிறதே என்று அதில் அலசுகிறவர்கள் உண்டு. உப்பு முழுக்கச் சேர்வது அந்தத் தண்ணீரில்தான்.

டவலுக்கு நடுவே வைத்து அமுக்கி ஈரத்தை எடுத்தபின், வலைத்தட்டில் ஃபோம் முகம் கீழே, வெல்க்ரோ மேலே இருக்கும்படி நிழலில் வையுங்கள். தண்ணீர் பசைப் பக்கம் தேங்காது. நேர் வெயிலில் போட்டால் ஃபோம் மஞ்சளாகி உதிர ஆரம்பிக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் இரண்டு மூன்று நாள்கூட ஈரம் விடாது. வலைப்பையில் போட்டு வாஷிங் மெஷின் ஸ்பின்னரில் ஒரு நிமிடம் சுற்றி எடுத்தால் பாதி வேலை மிச்சம். நடுவில் ஈரம் இருக்கும்போதே டப்பாவில் மூடினால் ஒரு வாரத்தில் பூஞ்சை வாடை வரும். ஈரப் பேடில் வேலை செய்தால் பாலிஷ் நீர்த்து, ஒரு இடத்தில் வெட்டி ஒரு இடத்தில் வழுக்கும்.

நன்றாகக் காய்ந்ததும் வெட்டும் பேட், முடிக்கும் பேட் என்று தனித்தனி ஜிப் கவரில் போட்டுப் பெயர் எழுதுங்கள். வெல்க்ரோ ஓரம் தூக்கியது, நடுவில் குழி விழுந்தது, அமுக்கினால் திரும்ப எழாதது, மூன்றும் கரெக்‌ஷனுக்கு ஆகாது. குழி விழுந்ததை மட்டும் ஹெட்லைட் மஞ்சள் எடுக்க வைத்துக்கொள்ளலாம். அதற்கும் ஆகாததைக் கத்தரியால் நாலாக வெட்டினால் டயர் டிரெஸ்ஸிங் தடவ உதவும்.