பராக்கிரமபாகுவின் அரண்மனையில் ஒரு பகல்

மட்டக்களப்பிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய அரண்மனை எது என்று கேட்டால் பொலன்னறுவை என்றுதான் சொல்வேன். ஏறாவூர், வாழைச்சேனை, ஓட்டமாவடி கடந்ததும் கடைகள் குறைந்து புணானைக் காடு வந்துவிடும். வெலிக்கந்தைக்கு அப்பால் மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடக்கிறோம். முன்பு ரயிலுக்கும் வாகனங்களுக்கும் அங்கே ஒரே பாலம்தான். 2007இல்தான் வீதிக்கெனத் தனிப் பாலம் திறந்தார்கள். ரயிலில் போனாலும் பஸ்ஸில் போனாலும் இறங்குவது கதுறுவெலையில். அங்கிருந்து ஆட்டோ.

என்னுடன் பெரியப்பா வந்திருந்தார். கொக்கட்டிச்சோலைப் பக்கத்தவர். அங்குள்ள தான்தோன்றீச்சரச் சிவன் கோயில் திருவிழாவில் எந்தக் குடிக்கு, அதாவது எந்தத் தாய்வழிக் குலத்துக்கு, எந்த உரிமை என்று கேட்டால், பிசகாமல் சொல்லக்கூடியவர். அவர் இல்லாமல் போயிருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

கோட்டை மதிலைத் தாண்டி உள்ளே போனதும் செங்கல் சுவர்கள் எதிரே எழுந்து நிற்கின்றன. 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் அரண்மனை. ஏழு மாடி, ஆயிரம் அறை என்கிறது இலங்கை அரசர் வரலாற்றைச் சொல்லும் பாளி நூலான சூளவம்சம். இன்று மூன்று மாடிகளின் தடயம்தான் தெரிகிறது. மேல் மாடிகள் மரத்தால் ஆனவை என்பதால் அவை எஞ்சவில்லை. ஆனால் ஏறத்தாழ மூன்று மீற்றர் தடிப்புள்ள சுவரின் அருகே நின்று அண்ணாந்து பார்த்தால், அந்தக் கணக்கை மிகை என்று ஒதுக்க மனம் வராது. சுவரில் வரிசையாகச் சதுரக் குழிகள். மாடியைத் தாங்கிய உத்தரங்கள் செருகப்பட்டிருந்த இடங்கள் அவை. சில இடங்களில் பழைய சாந்துப் பூச்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பெரியப்பா ஓரிடத்தில் நின்றுவிட்டார். அங்கே செங்கற்களின் விளிம்பு கூர்மை இழந்து, கறுத்து, உருகிப் பளபளப்பேறிக் கிடந்தது. சாதாரண நெருப்பில் செங்கல் இப்படி ஆகாது. உள்ளே இருந்த அத்தனை மரமும் ஒன்றாகப் பற்றி எரிந்திருக்க வேண்டும்.

"மகன், இதை எரித்தது யார் என்று தெரியுமா?" என்றார். பிறகு அவரே சொன்னார்: "நம்முடைய மாகோன்."

1215இல் கலிங்க மாகன் 24,000 படைவீரருடன் வந்து இந்நகரைப் பிடித்தான், விகாரைகளை இடித்தான், ஏடுகளைக் கயிறறுத்துச் சிதறடித்தான் என்று சூளவம்சம் எழுதுகிறது. அரண்மனை எரிந்ததும் அப்போதுதான் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. இருபத்தொரு ஆண்டுகள் இங்கிருந்து ஆண்டான். அதே மாகனைத்தான் மட்டக்களப்பு மாகோன் என்று நினைவு வைத்திருக்கிறது என்பர் ஆய்வாளர் பலர். எங்கள் பக்கத்தில் அவன் கோயிலுக்கு ஊழியம் வகுத்தவன், குடிகளுக்கு முறை வகுத்தவன், வன்னிமைகள் என்ற சிற்றரசுகளை ஏற்படுத்தியவன். பெரியப்பா சிறுவயது முதல் மரியாதையோடு கேட்டு வளர்ந்த பெயர் அது.

அவர் அந்தச் செங்கல்லைத் தொடவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். நானும் பெருமைப்பட முடியாமலும் மறுக்க முடியாமலும் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். ஓரிடத்தில் முறை வகுத்த கை இன்னோரிடத்தில் தீ வைத்திருக்கிறது என்றால், இரண்டையும் சேர்த்தே நாம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். சோழர் இந்நகரை ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டு ஆண்டதையும், 1070இல் விஜயபாகு அவர்களைத் துரத்தியதையும் சொல்கிறோம். இதை மட்டும் ஏன் விட வேண்டும்?

எதிரே உள்ள அரசவை மண்டபத்தில் கூரை இல்லை. கற்றூண்களும் அடித்தளமும் இருக்கின்றன. அடித்தளத்தைச் சுற்றி மூன்று வரிசைச் செதுக்கல்: கீழே யானைகள், நடுவே சிங்கங்கள், மேலே குள்ளப் பூதங்கள். யானைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அடுத்தடுத்து நிற்பவை கூட ஒரே நிலையில் இல்லை.

கோட்டைக்கு வெளியே படியிறங்கினால் குமாரப் பொகுண. அரச குடும்பம் நீராடிய குளம். இந்தப் பக்கத்தில்தான் பழமரங்களும் பூமரங்களும் நிறைந்த நந்தனவனம் இருந்தது. இப்போது இருப்பது புல்தரையும் நிழல்மரங்களும் குரங்குகளும். ஆனால் குளம் அப்படியே இருக்கிறது. கருங்கல் படிகள் மூலை மூலையாக மடிந்து உள்ளே இறங்குகின்றன. நிலத்தடிக் குழாய் வழியாக வந்த நீர் முதலை வாய்களால் கொட்டியிருக்கிறது. வெயிலில் நடந்து வந்த களைப்பில் அந்தப் படியோரம் உட்கார்ந்து கட்டிக்கொண்டு போன புட்டையும் மீன் பொரியலையும் சாப்பிட்டோம். அத்தனை பெரிய அரண்மனையை விட எனக்குப் பிடித்தது இந்தச் சின்னக் குளம்தான். அரசன் என்ற நினைப்பே இல்லாமல் ஒரு மனிதன் தண்ணீரில் இறங்கிய இடமாக அது தெரிந்தது.

பிற்பகலில் இரண்டாம் சிவாலயம். சோழர் கருங்கல்லால் கட்டி, இராசராசனின் அரசியும் இராசேந்திரனின் தாயுமான வானவன் மாதேவியின் பெயர் சூட்டிய ஈச்சரம். சுவரில் தமிழ்க் கல்வெட்டு ஓடுகிறது. ப, ட, ம என்று சில எழுத்துகளை நம்மாலேயே அடையாளம் காண முடிகிறது. மீதியைப் படிக்கப் பழகியவர் வேண்டும். உள்ளே லிங்கம் இருக்கிறது. பெரியப்பா கர்ப்பூரம் கொண்டுவந்திருந்தார். எங்களுக்குப் பின்னால் ஒரு சிங்களக் குடும்பம் பூக்களோடு காத்து நின்றது. அந்த அம்மா பெரியப்பாவிடம் தீப்பெட்டியை வாங்கித் தம் விளக்கையும் ஏற்றினார்.

பராக்கிரமபாகுவுக்குப் பின் ஆண்ட நிசங்கமல்லனின் அரண்மனை பராக்கிரம சமுத்திரம் என்ற பெருங்குளத்தின் கரையில் இருக்கிறது. தீவுத் தோட்டம் என்ற பழைய பூங்கா இருந்த இடம். அவனுடைய அவை மண்டபத் தூண்களில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று பொறித்திருக்கிறார்கள்: இங்கே யுவராசா, இங்கே சேனாதிபதி. அதற்கு நேரம் ஒதுக்குங்கள். நாங்கள் மாலை பஸ்ஸுக்காக அவசரமாகப் பார்த்துவிட்டு வந்தோம்.

போகிறவர்கள் விடியற்காலையிலேயே புறப்படுங்கள். காலை வெயில் ஏறுமுன் அரண்மனை, நண்பகலில் நிழலுள்ள குமாரப் பொகுண, வெயில் தணிந்தபின் குளக்கரை என்று வைத்துக்கொண்டால் வயதானவர்களையும் அழைத்துப் போகலாம். கோயில்களுக்கும் விகாரைகளுக்கும் செருப்பைக் கழற்ற வேண்டும், கல் கொதிக்கும். ஒரு சோடி காலுறை பையில் இருக்கட்டும்.