கும்மி நடைக்கு 12 கட்டம்: ஸ்டெப் சீக்வென்சரில் நம்ம ஊர் அடி

ஸ்டெப் சீக்வென்சர் என்பது அடிகளைக் கட்டம் கட்டமாக வைத்தால் அதைச் சுற்றிச் சுற்றி வாசிக்கும் மின்னணுப் பெட்டி. இந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் 16 கட்டம்தான். 1980-ல் ரோலண்ட் டிஆர்-808 என்ற தாளப் பெட்டி வந்ததிலிருந்தே முகப்பில் அந்த 16 பட்டன் வரிசை நிலைத்துவிட்டது. நாலு நாலாக எண்ணும் பாட்டுக்கு அது சரிங்க. கொங்குப் பக்கத்துக் கும்மியில் பல பாட்டுகள் ‘தகிட தகிட’ என்று மூணு மூணாக நடக்கும். அதை 16-க்குள் திணித்தால் கடைசியில் ஒரு கட்டம் மிஞ்சி, ஒவ்வொரு சுற்றிலும் கால் இடறும்.

அதனால் ஒரு அடி போடுவதற்கு முன்பே நீளத்தை 12 ஆக்கிடுங்க. பதிந்த சத்தங்களை (சாம்பிள்) வாசிக்கும் ‘கோர்க் வோல்கா சாம்பிள்’ பெட்டியில் ஆக்டிவ் ஸ்டெப்பில் போய் 13 முதல் 16 வரை விளக்கை அணைத்தால் போதும்.

அடுத்தது டெம்போ. பெட்டி நாலு கட்டத்தை ஒரு தட்டாக எண்ணும், நமக்கு மூணு கட்டம் ஒரு தட்டு. ஆகவே வேண்டிய வேகத்தை முக்காலால் பெருக்கி வைக்கணும்: காதுக்கு 120 வேண்டுமென்றால் பெட்டியில் 90. மெட்ரோனோம் நாலு கட்டத்துக்கு ஒருமுறை அடித்துக் குழப்பும், அணைச்சிடுங்க. 1, 4, 7, 10-ல் கைத்தட்டல் சத்தம் வையுங்க, அதுதான் உங்கள் மெட்ரோனோம்.

தொடங்குவதற்கு ஒரு அமைப்பு: பறையின் அடிக்குச்சி (குட்டையான தடித்த குச்சி) 1, 7, 9, சிண்டுக்குச்சி (நீளமான மெல்லிய குச்சி) 3, 4, 6, 10, 12. எல்லா அடியும் ஒரே பலத்தில் இருந்தால் உயிர் இருக்காது. 1-ம் 7-ம் முழுப் பலம், 9 முக்கால், சிண்டுக்குச்சியில் 4-ம் 10-ம் மட்டும் தூக்கலாக. வோல்காவில் இதை லெவல் குமிழின் மோஷன் பதிவாக, அதாவது குமிழைத் திருப்புவதையே பெட்டியில் பதிந்து, செய்யலாம். 24 கட்டம் தரும் பெட்டி என்றால் இரண்டாம் சுற்றின் 22, 23, 24-ல் அடிக்குச்சியை வரிசையாக விடுங்க. திருப்பம் தெளிவாக விழும்.

ஸ்விங் பக்கம் போகவே வேண்டாம். அது இரட்டைப்படைக் கட்டங்களைத் தாமதப்படுத்தும். இங்கே 4-ம் 10-ம் தட்டு விழும் இடம், அவை பிந்தினால் நடையே நொண்டும். நிறையப் பேர் சாம்பிள் சரியில்லை என்று நினைப்பது இந்தக் கோளாறைத்தான்.

சாம்பிள் எடுக்கும்போது பறையைக் காய்ச்சிய சூட்டிலேயே எல்லா அடிகளையும் பதிஞ்சிடுங்க. தோல் ஆறினால் சுருதி இறங்கும். பிறகு எடுத்த சிண்டுக்குச்சி முன்னால் எடுத்த அடிக்குச்சியோடு ஒட்டாது. சோமனூர், பல்லடம் பக்கமென்றால் தறி நிற்கும் நேரம் பாருங்க. அந்த இரைச்சலை ஃபில்டரால் வெட்டப் போனால் பறையின் அடி நாதமும் சேர்ந்து போகும். ஒவ்வொரு சாம்பிளின் தொடக்கத்திலும் இருக்கும் வெற்றிடத்தை ஒட்ட நறுக்கணும். 20 மில்லிசெகண்ட் விட்டாலும் ஒவ்வொரு அடியும் அவ்வளவு பிந்தும். உறுமியின் இழுப்பு மெதுவாக எழுவதால் நறுக்கினாலும் தாமதமாகவே கேட்கும். மைக்ரோ டைமிங் (அடியைக் கட்டத்திலிருந்து நூலிழை முன்பின் நகர்த்தும் வசதி) இருந்தால் அதைக் கொஞ்சம் முன்னே தள்ளுங்க.

கையால் அடித்துப் பதிவதானால் ஒன்று கவனிங்க: 90-ல் ஒரு கட்டம் சுமார் 167 மில்லிசெகண்ட். குவாண்டைஸ் (அடியை அருகிலுள்ள கட்டத்துக்கு இழுத்து ஒட்டும் வசதி) போட்டிருந்தால், அதில் பாதிக்கு மேல் பிந்திய அடி அடுத்த கட்டத்துக்குத் தாவும். வேகத்தைக் குறைத்துப் பதிந்து, பிறகு ஏற்றுவது நல்லது.

கணினிக்கு அனுப்பும்போது கணினியே மிடி கிளாக் (பெட்டியின் வேகத்தை நடத்தும் சமிக்ஞை) கொடுக்கட்டும். வோல்காவில் ஸ்டீரியோ வெளியீடு ஒன்றுதான், ஆகவே மற்றதை மியூட் செய்து ஒவ்வொரு சத்தமாக எடுக்கணும். உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அருகில் நின்றால் போதும். ஆட்டம் சூடேறும்போது வேகமும் ஏறணும் இல்லையா? கணினியின் டெம்போ கோட்டில் 90-லிருந்து 105 வரை மெல்ல ஏற்றுங்க, பெட்டி பின்தொடரும். காதுக்கு அது 120-லிருந்து 140. இந்தக் கோட்டை முதல் சத்தம் பதியும் முன்பே வரைந்துவிடணும், பாதியில் மாற்றினால் முன்னே எடுத்ததெல்லாம் விலகிப் போகும்.