அப்பாவுக்கு லுட்டீசியம் ஏற்றிய அனுபவம்

அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய். ஹார்மோன் ஊசி, அபிராட்டெரோன் மாத்திரை, கீமோ எல்லாம் பார்த்தாகிவிட்டது, நோயின் போக்கைக் காட்டும் பிஎஸ்ஏ என்ற ரத்த அளவு மறுபடி ஏற ஆரம்பித்தது, இடுப்பு வலியில் அப்பாவால் ராத்திரி புரண்டு படுக்கக்கூட முடியவில்லை. அப்போதுதான் டாக்டர் லுட்டீசியம் பிஎஸ்எம்ஏ பற்றிச் சொன்னார்: பிஎஸ்எம்ஏ என்ற புரதத்தில் போய் ஒட்டி, கதிர்வீச்சால் புற்றுச் செல்களை அழிக்கும் மருந்து. முதலில் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன். புற்றுச் செல்களின் மேல் அந்தப் புரதம் நிறைய இருந்தால்தான் மருந்து போய் ஒட்டும், ஸ்கேனில் கட்டிகள் பளிச்சென்று தெரியாவிட்டால் ஏற்றிப் பெரிய பிரயோஜனம் இல்லை. அப்பாவுக்கு முதுகெலும்பு, இடுப்பு என்று வரிசையாகத் தெரிந்தது. அதற்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்றே புரியவில்லை.

ஊசி போடுவது சில நிமிஷ வேலை. அலைச்சல் எல்லாம் தேதியில்தான். மருந்தில் உள்ள கதிரியக்கப் பொருளான லுட்டீசியம் 177 ஒரு வாரத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடும், வாங்கி அலமாரியில் வைக்க முடியாது, குறித்த நாளுக்கென்று வரவழைக்கிறார்கள். அதற்கு முன் ஹீமோகுளோபின், தட்டணு (பிளேட்லெட்), சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். வழக்கமான கணக்கு 6 வாரத்துக்கு ஒன்று, அதிகபட்சம் 6 டோஸ், ஒவ்வொன்றும் 200 மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). தட்டணு குறைந்ததால் எங்களுக்கு ஒரு டோஸ் தள்ளிப்போனது.

ஏற்றிய அன்று தனி அறை, துணைக்கு ஆள் கிடையாது. அந்த அறையின் கழிவறைத் தண்ணீர்கூட நேராகச் சாக்கடைக்குப் போகாது, தனித் தொட்டியில் தேக்கி, கதிர்வீச்சு குறைந்த பிறகுதான் விடுவார்கள். உடம்பில் ஒட்டாத மருந்து சிறுநீரில் வெளியேறுவதால், நிறையத் தண்ணீர் குடியுங்கள், உட்கார்ந்தே போங்கள், இரண்டு தடவை ஃப்ளஷ் பண்ணுங்கள் என்று விடாமல் சொன்னார்கள். "இந்த வயசுல ஒண்ணுக்குப் போகக் கத்துக்குடுக்கிறாங்கடா" என்று அப்பா போனில் அலுத்துக்கொண்டார். மறுநாள் ஒரு மீட்டர் தள்ளி நின்று கருவியில் அளந்து பார்த்த பிறகே வீட்டுக்கு விட்டார்கள்.

தங்கச்சி மாசமாக இருந்ததால் அவளை இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். பேரனையும் கொஞ்ச நாள் மடியில் விடவில்லை, அப்பாவுக்கு ஊசியைவிட அதுதான் கஷ்டம். இதற்கிடையில் சொந்தக்காரர் ஒருவர் "உடம்புல அணுவை ஏத்திட்டாங்க" என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்தார், அது தனிக் கதை.

வாய் வறட்சிதான் நிஜமாகவே படுத்தியது. உமிழ்நீர்ச் சுரப்பியிலும் இந்த மருந்து போய்ச் சேருமாம். சப்பாத்தி தொண்டையில் இறங்கவே இல்லை, குழைய வடித்த ரசம் சாதமும் மோரும்தான் ஓடியது. காரம் பட்டால் நாக்கு எரிந்தது.

பிஎஸ்ஏ இரண்டாவது டோஸுக்கு அப்புறம்தான் இறங்கியது. முழுக்கக் குணமாகிவிடும் என்று டாக்டர் ஒருநாளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனால் வலி மாத்திரை பாதியாகிவிட்டது, ராத்திரி தூங்குகிறார். அடுத்த டோஸுக்கு ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம், தட்டணு ஏறியிருந்தால் தேதி கிடைக்கும்.