உவர் கிணறும் என் காய்கறித் தோட்டமும்

வீடு ராமநாதபுரம் மாவட்டத்தில், உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், அலைச்சத்தம் கேட்கும் தூரம். கடைக்காய் வாங்குவதைக் குறைக்கலாமே என்று ஐப்பசி மழையோடு தோட்டம் போட்டேன். பொங்கல் வரை வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரைக்குக் குறைவில்லை. மாசி பிறந்ததும் தக்காளி இலைகள் ஓரம் கருகின. பூச்சியும் இல்லை, நோயும் இல்லை. தண்ணீர்தான்.

இந்த மணலுக்கடியில் மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் மிதந்து கிடக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, அதனால் மேலே நிற்கிறது. மோட்டாரால் ஒரே இடத்தில் உறிஞ்சினால் அடியிலுள்ள உப்பு கூம்பாக மேலேறிவிடும். பக்கத்துத் தென்னந்தோப்புப் பெரியவர் சொன்னது இதைத்தான்: "ஆழமாப் போர் போட்டா உப்புத்தான் தம்பி வரும். வாளியால இறைங்க, ஊற விடுங்க." இப்போது காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று கையால்தான் இறைக்கிறேன். தோள் வலிக்கிறது, ஆனால் கீரை பிழைத்தது. பாத்தி மேல் தென்னை மட்டையும் சருகும் பரப்பியதில் ஈரம் நிற்கிறது, மண் மேல் உப்புப் பூப்பதும் குறைந்திருக்கிறது. மணல் எருவையும் தங்கவிடாது. ஆட்டுப்புழுக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம முண்டு மிளகாயையும் வைத்துப் பார்த்தேன். அது முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்துக் கரிசலில் வளர்ந்த பிள்ளை. இங்கே செடி நின்றது, காய்ப்பு சுமார்தான். கேரட், பீன்ஸ் ஆசையை விட்டாச்சு.

உள்ளூரிலேயே சாப்பிடுவது என்றால் மீனுக்குப் பஞ்சமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அந்த 61 நாளும் நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருவதுதான். விலை ஏறும்போது எங்கள் வீட்டில் காரல், சூடை என்று சின்ன மீன்கள்தான். தை மாதம் பனங்கிழங்கு, சித்திரையில் நுங்கு, எப்போதும் முருங்கைக்கீரை. ஆனால் குழம்புக்குச் சின்ன வெங்காயம் லாரியில்தான் வர வேண்டியிருக்கிறது. தக்காளிக்குப் பதில் புளியும் மாங்காயும் போட்டால் காரல் குழம்பு இன்னும் நன்றாகவே இருக்கிறது என்பது என் கட்சி. வீட்டில் இதற்கு ஆதரவு குறைவு.

அடுத்தது கச்சான் என்கிற மேல்காற்று. மணலை வாரி இறைத்து நாற்றை அடித்துப்போடும். மேற்கு வேலியில் பூவரசம் போத்து நட்டிருக்கிறேன், சில துளிர்த்துவிட்டன. தக்காளி விதையை ஆவணி கழியும் வரை டப்பாவை விட்டு எடுப்பதாக இல்லை.