வால்புட்ஸுக்குப் போகும் லாரிகள்

2024 ஜூலை 17, கேப்டவுன்

எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் கூபெர்க் அணுமின் நிலையத்தின் முதல் உலை 2044 ஜூலை வரை ஓடலாம் என்று உரிமத்தை நீட்டித்துவிட்டார்கள். மார்ச் கடைசியிலிருந்து மின்வெட்டு இல்லை. அந்த நிம்மதியில் வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்: இன்னும் 20 வருடத்துக் கழிவு எங்கே போகும்?

ஆகஸ்ட் 2

ஆடி வெள்ளி. கோயிலில் கஞ்சி ஊற்றி முடித்துப் பாத்திரம் கழுவும்போது அந்தப் பேச்சை எடுத்தேன். கையுறை, வேலை உடுப்பு, வடிகட்டி என்று கதிரியக்கம் பட்ட கழிவுகளை இரும்பு டிரம்மிலும் கான்கிரீட் கலனிலும் அடைத்து, வடக்கு கேப்பில் ஸ்பிரிங்பாக்குக்குத் தென்கிழக்கே இருக்கும் வால்புட்ஸில் பள்ளம் வெட்டிப் புதைக்கிறார்கள். 1986 முதல் இதுதான் நடக்கிறது. எரிந்து முடிந்த எரிபொருள் இன்னும் கூபெர்க்கிலேயே இருக்கிறது. அதற்கான தற்காலிக மையக் கிடங்கையும் வால்புட்ஸிலேயே கட்டத் திட்டம்.

"எங்கேயாவது வைத்துத்தானே ஆகணும்மா. அங்கே யார் இருக்கா?" என்றார் ஓர் அங்கிள்.

நல்ல மனிதர். ஆனாலும் அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்றது. நான் வளர்ந்தது டர்பனில், மெர்பேங்கில். நிறவெறி ஆட்சியில் இந்தியர்கள் எங்கே இருக்கலாம் என்று வரைபடத்தில் கோடு போட்டவர்கள் எங்களை எண்ணெய் ஆலைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ராத்திரி நாற்றம் வந்தால் அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டுத் தங்கையின் இன்ஹேலரைத் தேடுவாள். எங்களையும் அன்று யாரும் கேட்கவில்லை.

வால்புட்ஸில் முதல் டிரம் இறங்கிய 1986ஐ யோசித்துப் பார்க்கிறேன். அப்போது இருந்தது மூன்று அவை நாடாளுமன்றம். வெள்ளையர்களுக்கு ஓர் அவை, அதிகாரம் அங்கேதான். இந்தியர்களுக்கு ஓர் அவை, கலப்பினத்தவர் என்று அரசு பெயரிட்டவர்களுக்கு ஓர் அவை, இந்த இரண்டும் பெயருக்கு. பெரும்பான்மையான கறுப்பர்களுக்கு அதுவும் இல்லை. அப்பா அந்தத் தேர்தலில் வாக்களிக்கவே மறுத்தார். அப்படிப்பட்ட காலத்தில் வால்புட்ஸைச் சுற்றியுள்ள நமாக்வாலாந்து மக்களிடம் யார் போய்ச் சம்மதம் கேட்டிருப்பார்கள்?

ஆகஸ்ட் 24, காமிஸ்க்ரூன்

என்7 சாலையில் ஐந்து மணி நேரத்துக்கு மேல். மலைச்சரிவெல்லாம் ஆரஞ்சுப் பூ. குழந்தைகள் இறங்கி ஓடிவிட்டார்கள்.

தங்கிய வீட்டுக்காரர் நாமா பழங்குடியைச் சேர்ந்த வயதான அம்மா. எல்லோரும் ஓமா, அதாவது பாட்டி, என்கிறார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். என் ஆஃப்ரிகான்ஸ் பள்ளிக்கூடத்தோடு நின்றது, ஆனாலும் பேசிக்கொண்டோம். அவர் தாத்தா காலத்தில் கோடை வந்தால் ஆட்டை ஓட்டிக்கொண்டு மலையிலிருந்து கிழக்கே, புஷ்மன்லாந்து பக்கம் போவார்களாம். வால்புட்ஸ் அந்தப் பக்கம்தான். மழை குறைவு, ஆள் குறைவு என்று இடம் தேர்ந்தவர்களுக்கு அந்த மேய்ச்சல் தடங்கள் கண்ணில் படவில்லை.

பிறகு கேட்டார்: "அந்த லாரிகள் உங்கள் ஊர்ப் பக்கமிருந்துதானே வருகின்றன?"

ஆமாம் என்றேன். தட்டில் ரஸ்க் வைத்தார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 25

திரும்பும் வழியில் தூக்கமே வரவில்லை.

செப்டம்பர் 1

அங்கிளைக் கோயிலில் பார்த்து ஓமா சொன்னதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எத்தனை வருஷத்துக்கு அது ஆபத்து?" என்றார். டிரம்களில் இருக்கும் கதிரியக்கப் பொருள்களில் ஒன்றான சீசியம்-137 பாதியாகக் குறைய 30 வருடம் என்றேன். 300 வருடம் காவல் காத்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும், அது மனிதர்களால் முடிகிற காரியம். எரிந்த எரிபொருளில் புளுட்டோனியம்-239ம் உண்டு. அது பாதியாகவே 24,000 வருடம். கரிகாலன் கல்லணை கட்டி இரண்டாயிரம் வருடம் என்கிறோம், அதைப் போலப் பன்னிரண்டு மடங்கு. "தற்காலிகக் கிடங்கு" என்ற சொல்லை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். ஒருமுறை அங்கே இறக்கினால் யார் திரும்ப எடுப்பார்கள்?

இன்றிரவு அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினேன். மின்சாரம் எரிக்கிறவள் நான், அதனால் கழிவே கூடாது என்று எழுதவில்லை. கேட்டது இதுதான்: எரிந்த எரிபொருளை வால்புட்ஸுக்கு நகர்த்தும் முன் காமிஸ்க்ரூனிலும் காரீஸிலும் லீலிஃபொன்டெய்னிலும் ஆஃப்ரிகான்ஸில் கூட்டம் வையுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அந்தப் பதில் செல்லுபடியாக வேண்டும்.

கையெழுத்துப் போட அங்கிள் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.